சுட்டு ஆற்றும் மருத்துவம்

மூக்கிலிருந்து குருதி மீண்டும் மீண்டும் கசிந்தால், அவ்விடத்தைச் சுட்டு அடைக்கலாம் என்பார் மருத்துவர். தடுப்புக்காவலில் கம்பிச் சூடு பட்டு வந்தோர் நம்மிடையே உளர். அவர்கள் இச்சொல்லுக்கு நடுங்குவதில் வியப்பில்லை. ஆதலின் இச்சிகிச்சையின் கதையை நாம் சிறிது அறிந்திருத்தல் நன்று.

முற்காலத்தில் குருதியை நிறுத்தப் பழுக்கக் காய்ச்சிய இரும்பையே வைத்தனர். வெடிமருந்து நஞ்சு என நம்பிய ஐரோப்பிய மருத்துவர்கள், குண்டுக் காயத்தில் கொதியெண்ணெய் ஊற்றினர். 1537ஆம் ஆண்டளவில், இத்தாலியின் தூரின் நகர்ப் போரில், பிரெஞ்சு இளைஞரான அம்ப்ருவாஸ் பாரேயிடம் எண்ணெய் தீர்ந்தது. முட்டை மஞ்சட்கரு, ரோசா எண்ணெய், மரப்பிசின் தைலம் கலந்து பூசினார். அவர்கள் இறந்துவிடுவரோ என அஞ்சி உறக்கமிழந்தவர், விடியலில் எழுந்து சென்று பார்த்தார். களிம்பு பூசப்பெற்றோர் அமைதியுடன் கிடந்தனர். எண்ணெய் ஊற்றப்பட்டோரே காய்ச்சலிலும் வீக்கத்திலும் துடித்தனர். அக்கொடுமையை அவர் அன்றே வெறுத்தார்.

சுடுதல் மறையவில்லை; அளவறிந்து சுருங்கியது. 1926இல் பொஸ்ரன் நகரில் மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர் ஹார்வி குஷிங், வில்லியம் போவி அமைத்த மின்கருவியால் குருதிக் கசிவை அடக்கினார். இன்று மூக்கினுள் தொடுவது பெரும்பாலும் வெள்ளி நைத்திரேற்றுத் தோய்ந்த சிறு குச்சியே. அவ்விடத்தை மரக்கச் செய்த பின்னரே தொடுவர். ஆங்கு இரும்புமில்லை, நெருப்புமில்லை.

எனினும் உடல் தன் பழைய துயரை மறப்பதில்லை. முன்பு பட்டதை மருத்துவரிடம் கூறுங்கள், மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பாரே கற்றது நோயாளரின் முகம் பார்த்தே. நம் முகத்தையும் அவர்கள் பார்க்கட்டும்.