"ஞாபக சக்திக்கு ஒரு டானிக் எழுதுங்க டாக்டர்"

பொங்கல் விடுமுறை முடிந்த மறு வாரமே எங்கள் ஓ.பி. வரிசை மாறிவிடும். சளி, காய்ச்சல், மூட்டுவலிக்காரர்களுக்கு நடுவே பள்ளிச் சீருடைகள் தலைகாட்டத் தொடங்கும். எல்லாம் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள். ஸ்பெஷல் கிளாஸுக்கும் டியூஷனுக்கும் இடையில் கிடைத்த அரை மணி நேரத்தில் அம்மாவோ அப்பாவோ அழைத்து வந்திருப்பார்கள். பிள்ளை வாய் திறக்காது. பேசுவதெல்லாம் பெரியவர்கள்தான். "நல்லாத்தான் டாக்டர் படிக்கிறா. ஆனா படிச்சது ஒண்ணுமே நிக்க மாட்டேங்குது. ஞாபக சக்திக்கு ஒரு டானிக் எழுதுங்க."

நான் பிள்ளையைப் பார்த்துக் கேட்பேன். நேத்து எத்தனை மணிக்குப் படுத்தே? "ஒன்றரை." எழுந்தது? "அஞ்சு." காலையில என்ன சாப்பிட்டே? இதற்கு மட்டும் அம்மா முந்திக்கொள்வார்: "பால் குடிச்சா டாக்டர். டிபன் சாப்பிட எங்க நேரம்?"

மூன்றரை மணி நேரத் தூக்கம், ஒரு டம்ளர் பால். படித்தது எப்படி நிற்கும்? வருகிறவர்களும் சீக்கிரம் வருவதில்லை. அக்டோபரில் தொடங்கிய தலைவலிக்குப் பிப்ரவரி கடைசியில் வந்து, "திங்கட்கிழமை எக்ஸாம், அதுக்குள்ள சரியாகணும்" என்பார்கள்.

மறதி என்று வருவதெல்லாம் மறதி இல்லை

பதினாறு, பதினேழு வயதில் மூளையே பழுதாகி மறதி வருவது மிக மிக அரிது. நான் பார்ப்பதில் பெரும்பாலானவை வேறு நான்கு சமாச்சாரங்கள்: தூக்கக் குறைவு, ரத்தசோகை, கண்ணாடி போடாத கிட்டப்பார்வை, பயம். கரும்பலகை மங்கலாகத் தெரிகிறது என்று வீட்டில் சொல்லாமல், பக்கத்தில் இருப்பவளின் நோட்டைப் பார்த்தே ஒரு வருடத்தை ஓட்டிய பிள்ளைகள் உண்டு. சொன்னால் கண்ணாடி போடச் சொல்வார்களே என்ற பயம்.

ரத்தசோகையைப் பற்றிச் சொன்னால் "எங்க வீட்டுல அதெல்லாம் இல்ல" என்கிறார்கள். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கும் மேல். இரண்டு பாரா படித்ததும் களைப்பாகிறது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, மத்தியானத்தில் தலை சுற்றுகிறது என்றால் அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டாதீர்கள். பள்ளியில் வாரம் ஒரு முறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை ஜன்னல் வழியாக வீசும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். வயிற்றைப் புரட்டுகிறது என்பார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் புரட்டல் பெரும்பாலும் அடங்கிவிடும். மாத்திரை போட்ட கையோடு டீ, காபி மட்டும் வேண்டாம். இரும்புச்சத்து உடம்பில் சேராது.

ஹீமோகுளோபின், கண் பரிசோதனை, சந்தேகம் இருந்தால் தைராய்டு. இவ்வளவு போதும், மூளைக்கு ஸ்கேன் கேட்காதீர்கள்.

டானிக், ஊசி, குளுக்கோஸ் பாட்டில்

டானிக்குக்கு வருவோம். பரீட்சைக்கு மூன்று வாரம் முன்பு வாங்கிக் கொடுத்து மதிப்பெண்ணை ஏற்றிவிடும் மருந்து எதுவும் கிடையாது. அப்படி ஒன்று இருந்தால் நாங்கள்தான் முதலில் குடித்திருப்போம், எம்.பி.பி.எஸ். பாடப்புத்தகங்களின் தடிமன் அப்படி. வல்லாரையைத் துவையலாக அரைத்துச் சாதத்தோடு பிசைந்து சாப்பிடுங்கள், நல்ல கீரைதான். அதையே காப்ஸ்யூலாக்கி, டப்பாவில் பட்டம் வாங்கும் பையன் படத்தைப் போட்டு விற்பதற்கு உங்கள் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

இன்னொரு கூட்டம் "தெம்பா இருக்க ஒரு பாட்டில் ஏத்திவிடுங்க" என்று வரும். அந்த அரை லிட்டர் குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. ஏறத்தாழ 100 கலோரி. இரண்டு இட்லி சாப்பிட்டாலே அது கிடைத்துவிடும், ஊசி குத்தாமல். சத்து ஊசி என்று சிவப்பாக ஒன்று போடுகிறார்களே, அந்த பி12 ஊசி, குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டும் பயன்படும். மற்றவர்களுக்கு அது சிறுநீரில் போகும் பணம்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் மாத்திரைகள்

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. டானிக்காவது பெரும்பாலும் பணத்தோடு போகும். இவை பிள்ளையின் உடம்போடு விளையாடுபவை.

படபடப்பு குறைய ஒரு மாத்திரை என்று சீனியர் அண்ணன் பெயரைச் சொல்லிவிடுகிறான், ப்ரோப்ரனலால். இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து அது. ஆஸ்துமா உள்ள பிள்ளை போட்டால் மூச்சுக்குழாய் இறுகி, பரீட்சை ஹாலுக்குப் பதில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குத்தான் போக வேண்டியிருக்கும். சிறு வயதில் வீசிங் இருந்ததே என்பது அந்த அண்ணனுக்குத் தெரியுமா?

தூக்கம் வராமலிருக்க மோடஃபினில். பகலில் தன்னையறியாமல் தூங்கி விழும் நோய் உள்ளவர்களுக்காக வந்த மாத்திரை. தலைவலி, படபடப்பு, பதற்றம் என்று படிப்பைக் கெடுக்கும் எல்லாவற்றையும் இது கொண்டுவரும். அரிதாக உயிருக்கே ஆபத்தான தோல் ஒவ்வாமையும் வரும். இதைச் சீட்டு இல்லாமல் எடுத்துக் கொடுக்கும் கடைக்காரரை என்ன சொல்வது?

சளிக்கு வீட்டில் கிடக்கும் பழைய மாத்திரையைக் காலையில் போட்டு அனுப்புகிறார்கள். அதில் பெரும்பாலும் குளோர்பெனிரமினோ செட்டிரிசினோ இருக்கும். இரண்டும் தூக்கம் தருபவை, முதலாவது நன்றாகவே தரும். பசி எடுக்க என்று வாங்கிக் கொடுக்கும் சிரப்பில் இருக்கும் சைப்ரோஹெப்டடினும் அதே ரகம். பிள்ளை ஹாலில் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்; நீங்கள் வீட்டில் "விடிய விடியப் படிச்சாளே, ஏன் எழுதல" என்பீர்கள். தலைவலிக்கு வெறும் வயிற்றில் டைக்ளோஃபெனாக் போட்டுவிட்டு, மறுநாள் வயிற்றெரிச்சலோடு வருவது தனிக் கணக்கு.

மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரை பற்றியும் ஒரு வார்த்தை. நார்எத்திஸ்டிரோனைத் தாய்மார்களே வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். ஒற்றைத் தலைவலி, கல்லீரல் பிரச்சினை, குடும்பத்தில் ரத்தம் உறையும் நோய் இருக்கிறதா என்று கேட்காமல் கொடுக்கக் கூடாத மருந்து. வேண்டுமென்றால் மாதக் கணக்கைப் பார்த்து, சில வாரங்கள் முன்பே வந்து கேளுங்கள். பெரும்பாலான பெண் பிள்ளைகளுக்குத் தள்ளிப்போடவே தேவையில்லை. வலிக்கு உரிய மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொண்டு நிம்மதியாக எழுதிவிட்டு வருகிறார்கள்.

எனர்ஜி டிரிங்க் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று அவர்களே அச்சடித்திருப்பார்கள். காபி அளவோடு குற்றமில்லை, ஆனால் நேரம் முக்கியம். உடம்பிலுள்ள கஃபீன் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். ராத்திரி பத்துக்குக் குடித்த காபியில் பாதி, அதிகாலை மூன்றுக்கும் உள்ளே இருக்கும்.

நாலு மணிக்கு எழுப்பும் வீடுகள்

விடியற்காலையில் படித்தால்தான் மனதில் பதியும் என்று தாத்தா காலத்திலிருந்து சொல்லி வருகிறோம். அன்றைக்கு எட்டு மணிக்கு விளக்கை அணைத்துப் படுத்தார்கள், நாலு மணிக்கு எழுந்தார்கள். கணக்கு சரியாக இருந்தது. இன்று டியூஷன் விட்டு வரவே ஒன்பதாகிறது. போதாக்குறைக்கு, வளரும் வயதில் உடம்பின் கடிகாரம் இயல்பாகவே பின்னால் தள்ளிப்போகும். தூக்கம் தாமதமாக வரும், விழிப்பும் தாமதமாக வரும். அவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. பரீட்சை நேரத்தில் பத்து மணி நேரம் கேட்க எனக்கே தைரியம் இல்லை. ஏழுக்குக் கீழே இறங்காதீர்கள் என்று மட்டும் கேட்கிறேன்.

17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கைவேகமும் கவனமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடும் என்பதை 1997இல் ஆஸ்திரேலியாவில் சோதித்துக் காட்டினார்கள். நம் ஊரில் வண்டி ஓட்ட அனுமதிக்கும் அளவே 0.03தான். அதிகாலை நாலுக்கு எழுந்த பிள்ளைக்கு ராத்திரி ஒன்பது மணியோடு அந்த 17 மணி நேரம் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் நடப்பது படிப்பா என்று நீங்களே சொல்லுங்கள். அன்று படித்தது நிலைப்படுவதே தூக்கத்தில்தான். தூக்கத்தை வெட்டிப் படிப்பில் சேர்த்தால் படித்ததும் சேர்ந்து போகிறது.

டாக்டருக்குப் படிப்பில் என்ன வேலை?

இருக்கிறது. தப்பான முறையில் படிப்பதால்தான் நேரம் பற்றாமல் தூக்கத்தில் கை வைக்கிறார்கள். ஒரே பாடத்தை ஐந்து முறை வாசிப்பது, மஞ்சள் ஹைலைட்டரால் பக்கம் முழுக்கத் தீட்டுவது, கைடை வரிக்கு வரி மனப்பாடம் செய்வது எல்லாம் படித்துவிட்டோம் என்ற திருப்தியைத் தரும், அவ்வளவுதான்.

2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் அமெரிக்க மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழு பாடத்தை நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒரே முறை படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் திரும்பத் திரும்பப் படித்தவர்களே முன்னணி. ஒரு வாரம் கழித்து வைத்தபோது, எழுதிப் பார்த்தவர்கள் 61 சதவீதம் நினைவில் வைத்திருந்தார்கள், படித்துக்கொண்டே இருந்தவர்கள் 40. "நேத்து ராத்திரி நல்லாத் தெரிஞ்சதே" என்று நம் பிள்ளைகள் அழுவதற்கும் காரணம் இதுதான்.

அதனால் நான் பிள்ளைகளிடம் சொல்வது: ஒரு பாடத்தை ஒரு முறை கவனமாகப் படி. புத்தகத்தை மூடு. பழைய காலண்டர் தாளின் பின்பக்கமே போதும், ஞாபகம் உள்ளதையெல்லாம் கிறுக்கு. படம் இருந்தால் பாகங்களோடு வரை. எழுத்து அழகு வேண்டாம். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதைச் சிவப்புப் பேனாவில் சேர். மறுநாள் அந்தச் சிவப்பை மட்டும் பார். அதே பாடத்தை நாலாம் நாள் ஒரு முறை, பத்தாம் நாள் ஒரு முறை பார்க்காமல் எழுது. முதல் தடவை பாதிகூட வராது, எரிச்சலாக இருக்கும். அந்த எரிச்சலோடு மல்லுக்கட்டும்போதுதான் பாடம் ஏறுகிறது. இப்படிப் படிக்கும் பிள்ளைக்கு ராத்திரி ஒன்றரை மணி வரை உட்கார வேண்டிய தேவை வராது.

பழைய வினாத்தாள் ஒன்றையாவது காலை 10.15க்கு உட்கார்ந்து 1.15க்கு எழுந்திருக்கிற மாதிரி எழுதிப் பார்க்க வேண்டும். கை வலிப்பது, தண்ணீர் தவிப்பது, கடைசி அரை மணி நேரம் பற்றாமல் போவது எல்லாம் வீட்டிலேயே தெரிந்துவிடும். போன் பக்கத்து அறையில் இருக்கட்டும். கவிழ்த்து வைத்தாலும் கண் அங்கேதான் போகும்.

வயிறு

பரீட்சை நாளில் புது உணவு எதுவும் வேண்டாம். இட்லி, பொங்கல், தயிர் சாதம், எது பழக்கமோ அது. தயிர் சாதம் தூக்கம் வரவழைக்கும் என்று பயப்பட வேண்டாம். வயிறு முட்டச் சாப்பிட்டால் எதுவுமே தூக்கம் வரவழைக்கும். கடை பஜ்ஜி, பரோட்டா எல்லாம் தேர்வு முடியும் வரை ஓய்வெடுக்கட்டும். மார்ச் வெயிலில் தண்ணீர் பாட்டில் இல்லாமல் அனுப்பாதீர்கள்.

இதற்கு மட்டும் தாமதிக்காதீர்கள்

பரீட்சை பயம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் இரண்டு வாரமாகச் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, தனியாக அழுகிறான், பள்ளிக்குப் போகும் நேரத்தில் வாந்தி எடுக்கிறாள் என்றால் காத்திருக்காமல் அழைத்து வாருங்கள். "செத்துடலாம் போல இருக்கு" என்று ஒரு முறை சொன்னாலும் நாடகம் என்று தள்ளாதீர்கள். அன்றைக்கு அந்தப் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். 104 அல்லது 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரத்திலும் கூப்பிடலாம், கட்டணம் இல்லை. "மார்க் போனா போகட்டும், நீ இருந்தா போதும்" என்பதை மனதில் வைத்திருந்தால் பற்றாது, வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பெற்றோரிடம் ஒரு கெஞ்சல்

பத்தரைக்கு வீட்டு விளக்கை அணையுங்கள். உங்கள் சீரியலையும் சேர்த்து. பிள்ளை படிக்கும்போது வாசலில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுப் பையனின் சென்டத்தைப் பற்றிப் பேசாதீர்கள். சித்தி, பெரியப்பா, தெருக்கோடி மாமா என்று ஆளுக்கு ஒரு மருந்து சொல்வார்கள், கேட்டுக்கொள்ளுங்கள், வாங்காதீர்கள். தேர்வு முடிந்து பிள்ளை வெளியே வந்ததும் கேட்டிலேயே வினாத்தாளை வாங்கி ஒவ்வொரு ஒன் மார்க்காகச் சரிபார்க்காதீர்கள். அந்தப் பேப்பர் போய்விட்டது, இனி அதில் அரை மதிப்பெண்கூட ஏறப்போவதில்லை. நேரே வீட்டுக்குக் கூட்டிப் போய்ச் சோறு போடுங்கள். ஒரு மணி நேரம் படுத்து எழுந்த பிறகு, அடுத்த பாடத்தை அவர்களே எடுப்பார்கள்.