பெட்டி போனாலும் பேரேடு போகலாமா?

தூத்துக்குடியை அடுத்த புதுக்கோட்டை வழியாகத் துறைமுகத்துக்கு விரையும் கன்டெய்னர் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருப்பது எந்தச் சரக்காயினும் பெட்டியின் அளவு வரையறுக்கப்பட்டது. ஆகவே லாரியிலிருந்து கப்பலுக்கு அதை எளிதில் மாற்றலாம்.

கணிப்பொறி உலகிலும் இம்முறை வந்துவிட்டது. ஒரு நிரலை, அது இயங்கத் தேவையான துணை நிரல்களோடு ஒரே கட்டாகக் கட்டிவிடுகிறார்கள். இதற்கும் கன்டெய்னர் என்றே பெயர். 2013-இல் வெளிவந்த டாக்கர் என்னும் மென்பொருள் இம்முறையைப் பரப்பியது. 2014-இல் கூகுள் வெளியிட்ட குபர்னெட்டிஸ், கிளவுடில் இத்தகைய கன்டெய்னர்கள் பலவற்றை நிர்வகிக்கிறது. அச்சொல்லுக்குக் கிரேக்க மொழியில் 'சுக்கான் பிடிப்பவர்' என்று பொருள்.

பெட்டி வேறு, பேரேடு வேறு

கன்டெய்னர் பழுதானால் குபர்னெட்டிஸ் அதை நீக்கிவிட்டுப் புதியதொன்றைத் தொடங்கும். நிரலுக்கு இதனால் இழப்பில்லை. ஆனால் வங்கிக் கணக்குகள் அடங்கிய தரவுத்தளம் கன்டெய்னருக்குள்ளேயே இருந்தால்? அதுவும் அழிந்துபோகும்! எனவே தரவுகளை வெளியே, நிலையான வட்டில் வைக்கிறார்கள். அந்த வட்டும் பழுதாகலாம்; யாரேனும் தவறுதலாக அழித்துவிடலாம். ஆகவே காப்புப்படி அவசியமாகிறது.

படியெடுப்பது எப்படி?

இயங்கிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் கோப்புகளை அப்படியே நகலெடுத்தால் கணக்கு பிசகும். நகலெடுக்க 20 நிமிடம் ஆவதாகக் கொள்வோம். முருகனின் கணக்கு முதல் நிமிடத்தில் நகலாகிவிடுகிறது. பத்தாவது நிமிடத்தில் அவர் வள்ளிக்கு 500 ரூபாய் அனுப்புகிறார். வள்ளியின் கணக்கு கடைசி நிமிடத்தில் நகலாகிறது. இப்போது நகலில் அந்த 500 ரூபாய் இருவரிடமும் இருக்கும்! இதைத் தவிர்க்க, ஒரே கணத்தில் இருந்த நிலையை மட்டும் படியெடுக்கும் வசதி தரவுத்தளத்திலேயே உண்டு.

மேலும், ஒவ்வொரு மாற்றத்தையும் நடந்த வரிசையில் தரவுத்தளம் ஒரு குறிப்பேட்டில் பதிந்துவைக்கிறது. ஞாயிறு இரவு முழுப்படி எடுத்தாயிற்று. புதன் மாலை 3.10-க்கு ஒருவர் ஒரு பட்டியலை அழித்துவிட்டார். என்ன செய்வது? ஞாயிற்றுக்கிழமைப் படியை நிறுவி, குறிப்பேட்டில் உள்ள மாற்றங்களை 3.09 வரை வரிசையாக நிகழ்த்தினால் போதும். குறிப்பேடும் வேறிடத்தில் சேமிக்கப்பட்டிருந்தால்தான் இது இயலும்.

இலங்கை தரும் பாடம்

காப்புப்படியில் குறை இருந்தால் என்ன ஆகும்? மன்னார் வளைகுடாவுக்கு அப்பால் நிகழ்ந்ததைப் பாருங்கள். 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் கிளவுடில் இயங்கிய மின்னஞ்சல் சேவையைப் பணம் பறிக்கும் நச்சுநிரல் தாக்கியது. ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. சேவை விரைவில் மீண்டது. ஆனால் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான அஞ்சல்களுக்குக் காப்புப்படி இல்லை. மூன்று மாதத்துக்கு மேற்பட்ட அரசுக் கடிதங்கள் மறைந்தன. அதன் பிறகே, இணைப்பில் இல்லாத இடத்தில் நாள்தோறும் படியெடுக்க முடிவு செய்யப்பட்டது.

இணைப்பிலேயே இருக்கும் படியை நச்சுநிரலும் எட்டிவிடும். ஆகவே ஒரு படியாவது வேறிடத்தில், இணைப்பின்றி இருக்க வேண்டும். அவ்வப்போது அதை வேறொரு கணிப்பொறியில் நிறுவி, கணக்கு சரியாக வருகிறதா என்று சோதிக்கவும் வேண்டும்.

உங்கள் அலுவலகத்திலோ கூட்டுறவுச் சங்கத்திலோ "காப்புப்படி இருக்கிறது" என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். "கடைசியாக எப்போது அதிலிருந்து மீட்டுப் பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள்.