விண்டோஸ் கோப்பு மெய்நிகராக்கம்

விண்டோஸ் கோப்பு மெய்நிகராக்கம் என்பது, பழைய மென்பொருள் ஒன்று தனக்கு எழுத அனுமதியில்லாத கோப்புறையில் ஒரு கோப்பைச் சேமிக்க முற்படும்போது, அம்முயற்சியை மறுக்காமல் அக்கோப்பைப் பயனரின் சொந்தக் கோப்புறை ஒன்றிற்குத் திருப்பிவிடும் முறையாகும். 2007 சனவரியில் பொதுமக்களுக்கு வெளியான விண்டோஸ் விஸ்டாவில், பயனர் கணக்குக் கட்டுப்பாடு என்னும் பாதுகாப்பு வசதியின் ஒரு கூறாக இது அறிமுகமானது. விண்டோஸ் 11 உட்படப் பின்வந்த பதிப்புகளிலும் இது தொடர்கிறது. புதிய கணினியில் பழைய மென்பொருளைக் கொண்டு சேமித்த கோப்பு, சேமித்த இடத்தில் காணப்படாமற் போவதற்கு இதுவே பெரும்பாலும் காரணமாகும்.

பின்னணி

விண்டோஸ் 95, விண்டோஸ் 98 ஆகியன பயன்படுத்திய ஃபாட் கோப்பு முறைமையில், ஒரு கோப்பின் உரிமையாளர் யார், அதில் எவர் எழுதலாம் என்னும் விவரங்களுக்கு இடமே இல்லை. எந்த மென்பொருளும் வன்தட்டின் எப்பகுதியிலும் எழுதலாம். அனுமதிப் பட்டியலுடன் கூடிய என்டிஎஃப்எஸ் கோப்பு முறைமை 1993இல் விண்டோஸ் என்டி 3.1 உடன் வந்தது. ஆயினும், அது வீட்டுக் கணினிகளைப் பரவலாக எட்டியது 2001இல் வெளியான விண்டோஸ் எக்ஸ்பி மூலமேயாகும். அதிலும், இயங்குதளத்தை நிறுவும்போது உருவாக்கப்படும் கணக்குகள் நிர்வாகிக் கணக்குகளாகவே அமைந்தன. எனவே அனுமதிகள் இருந்தும் அவை எவரையும் தடுக்கவில்லை.

நிரலாளர்களின் பழக்கமும் இதற்கேற்பவே வளர்ந்தது. 1998இல் வெளியான விசுவல் பேசிக் 6 மொழியில், நிரல் நிறுவப்பட்டுள்ள கோப்புறையின் பெயரை ஒரே சொல்லில் பெறலாம். அமைப்புகள், ஆக்சஸ் தரவுத்தளம், அறிக்கைகள் என அனைத்தையும் நிரலுக்கு அருகிலேயே வைப்பதுதான் எளிதாக இருந்தது. பயனரின் தரவைப் பயனரின் கோப்புறையில் வைக்குமாறு விண்டோஸ் 2000 காலத்திலேயே மைக்ரோசாப்ட் வழிகாட்டியிருந்தும் பலர் அதைப் பொருட்படுத்தவில்லை. பொருட்படுத்தாததால் அப்போது எந்தத் தீங்கும் நேரவில்லை என்பதையும் கூறியாக வேண்டும்.

விஸ்டாவில் நிர்வாகிக் கணக்கில் நுழைந்தவரின் மென்பொருள்களும் சாதாரணப் பயனரின் அனுமதிகளுடனேயே இயங்கத் தொடங்கின. புரோகிராம் ஃபைல்ஸ், விண்டோஸ் ஆகிய கோப்புறைகளில் அவை எழுத இயலாது. ஆயிரக்கணக்கான பழைய மென்பொருள்கள் ஒரே நாளில் செயலிழக்காதிருக்கவே மெய்நிகராக்கம் சேர்க்கப்பட்டது.

செயற்படும் விதம்

கோப்பு முறைமையின் மேல் அமர்ந்துள்ள ஒரு வடிகட்டி இயக்கி, எழுதும் முயற்சிகளைக் கவனிக்கிறது. பழைய மென்பொருள் ஒன்று புரோகிராம் ஃபைல்ஸில் எழுத முற்பட்டால், அக்கோப்பு பயனரின் கோப்புறைக்குள் ஆப்டேட்டா, அதனுள் லோக்கல், அதனுள் விர்ச்சுவல்ஸ்டோர் என்னும் கோப்புறையில் எழுதப்படுகிறது. ஏற்கெனவே உள்ள கோப்பை மாற்ற முயன்றால், அதன் நகல் அங்கு உருவாக்கப்பட்டு நகலே மாற்றப்படுகிறது. அதே மென்பொருள் மீண்டும் படிக்கும்போது முதலில் நகல் தேடப்படும்; இல்லாவிடில் மட்டுமே மூலக்கோப்பு தரப்படும். ஆகவே மென்பொருளின் பார்வையில் எல்லாம் சரியாகவே நடந்திருக்கும்.

இவ்வசதி 32 பிட் மென்பொருள்களுக்கு மட்டுமே உரியது. தனக்குத் தேவையான அனுமதி நிலையை மானிஃபெஸ்ட் மூலம் அறிவிக்கும் மென்பொருள்களுக்கும், 64 பிட் மென்பொருள்களுக்கும், நிர்வாகியாக இயக்கப்படுபவற்றுக்கும் இது பொருந்தாது. அவற்றுள் நிர்வாகியாக இயங்குபவை நேரடியாக எழுதும். ஏனையவற்றுக்கு அனுமதி மறுக்கப்பட்டது என்ற பிழைச் செய்தியே கிடைக்கும்.

விளைவுகள்

பிழைச் செய்தி வராததே இங்கு பெரிய இடர். ஒரு கடையின் கணினியில் இருவர் தனித்தனிக் கணக்குகளில் நுழைந்து, ஒரே கணக்குப்பதிவு மென்பொருளைப் பயன்படுத்துவதாகக் கொள்வோம். தரவுத்தளம் நிரலுக்கு அருகில் இருந்தால், ஒவ்வொருவருக்கும் தனித்தனி நகல் உருவாகிவிடும். காலையில் ஒருவர் பதிந்த விற்பனை, மாலையில் மற்றவர் திறக்கும்போது இராது. இரு நகல்களும் நாள்தோறும் வேறுபட்டுக்கொண்டே செல்லும். காப்புநகல் எடுப்பவர் புரோகிராம் ஃபைல்ஸில் உள்ள மூலக்கோப்பை மட்டும் எடுத்து வைத்தால், அவரிடம் இருப்பது மென்பொருளை நிறுவிய நாளின் வெற்றுத் தரவுத்தளமாகக்கூட இருக்கலாம்.

இந்நிலையில் நிர்வாகியாக இயக்கிப் பார்த்தால் நிலைமை மேலும் குழப்பமாகும். அவ்வாறு இயக்கப்பட்ட மென்பொருளுக்கு நகல் தெரியாது, மூலக்கோப்பே திறக்கும். மாதக்கணக்கான பதிவுகள் அழிந்துவிட்டதாகப் பயனர் எண்ணக்கூடும். அவை அழிவதில்லை. பயனர் கணக்குக் கட்டுப்பாட்டை முற்றிலும் நிறுத்தினாலும் மெய்நிகராக்கம் நின்றுவிடுவதால் இதே விளைவே ஏற்படும்.

கோப்புகளை மீட்டல்

எந்த அமைப்பையும் மாற்றுவதற்கு முன்னர் கோப்புகளைக் கண்டுபிடித்து வேறிடத்தில் நகலெடுத்து வைக்க வேண்டும். ஆப்டேட்டா மறைக்கப்பட்ட கோப்புறை என்பதால், மறைந்தவற்றைக் காட்டும் தெரிவை முதலில் இயக்க வேண்டும். விர்ச்சுவல்ஸ்டோருக்குள் மூல இடத்தின் அமைப்பே திரும்ப இருக்கும். கணினியைப் பயன்படுத்தும் ஒவ்வொரு கணக்கிலும் தனித்தனியே பார்த்து, அளவையும் மாற்றப்பட்ட தேதியையும் ஒப்பிட்டால் எது அண்மையானது எனத் தெரியும். இருவரின் நகல்களிலும் புதிய பதிவுகள் இருப்பின், ஒன்றை மற்றொன்றின் மேல் எழுதாமல், அம்மென்பொருளின் இறக்குமதி வசதியின் வழியே ஒன்றிணைக்க வேண்டும்.

குறிப்பிட்ட மென்பொருள் மெய்நிகராக்கத்தில் இயங்குகிறதா என்பதை டாஸ்க் மேனேஜரின் விவரப் பட்டியலில் அதற்குரிய நெடுவரிசையைச் சேர்த்து அறியலாம். எக்கோப்பில் அனுமதி மறுக்கப்படுகிறது என்பதைக் காண, மைக்ரோசாப்ட் இலவசமாக வழங்கும் பிராசஸ் மானிட்டர் உதவும்.

நிலையான தீர்வு

தரவுக் கோப்புறையை மாற்றும் வசதி மென்பொருளில் இருந்தால், ஒருவர் மட்டும் பயன்படுத்தும் கணினியில் அதை ஆவணங்கள் கோப்புறைக்கு மாற்றுவதே சிறந்தது. இல்லையெனில், மென்பொருளை நீக்கிவிட்டு, புரோகிராம் ஃபைல்ஸுக்கு வெளியே புதிதாக உருவாக்கிய ஒரு கோப்புறையில் நிறுவலாம். அங்கு மெய்நிகராக்கம் நிகழாது. பொதுவாக அனைத்துப் பயனர்களும் எழுதலாம். கடைக் கணினி போன்ற இடங்களுக்கு இதுவே ஏற்றது.

நிறுவிய இடத்திலேயே வைத்திருக்க வேண்டுமாயின், தரவு உள்ள துணைக்கோப்புறைக்கு மட்டும் எழுதும் அனுமதி தரலாம். நிரல் உள்ள கோப்புறை முழுவதற்கும் அதைத் தருவது தவறு. நச்சுநிரல் ஒன்று அங்குள்ள இயங்குகோப்பையே மாற்றிவிட, பின்னர் நிர்வாகி அதை இயக்கக்கூடும். எப்போதும் நிர்வாகியாக இயக்குவது கடைசி வழியாகவே இருத்தல் நலம். அதில் எக்ஸ்புளோரரிலிருந்து கோப்பை இழுத்து விடுவதும் இயலாது.

பிற காரணங்கள்

ஆவணங்கள் கோப்புறையிலேயே சேமிக்க முடியாவிட்டால் காரணம் வேறாகும். விண்டோஸ் 10இல் 2017இல் சேர்க்கப்பட்ட கட்டுப்படுத்தப்பட்ட கோப்புறை அணுகல் வசதி இயக்கப்பட்டிருந்தால், அறிமுகமற்ற மென்பொருள்கள் அங்கு எழுதுவது தடுக்கப்படும். அனுமதிக்கப்பட்ட மென்பொருள்களின் பட்டியலில் பழைய மென்பொருளைச் சேர்த்தால் போதும். பழைய கணினியின் வன்தட்டைக் கழற்றிப் புதியதில் இணைத்திருந்தால், கோப்புகளின் உரிமை பழைய கணக்கின் அடையாள எண்ணிலேயே இருக்கும். பயனர் பெயர் இரண்டிலும் ஒன்றாயிருப்பினும் அவ்வெண் வேறு என்பதால், நிர்வாகி அக்கோப்புகளின் உரிமையை மாற்றித் தர வேண்டும்.