வீட்டு அலாரம் காரணமின்றி அலறுகிறதா? பெட்டியை மாற்றுவதற்கு முன் இவற்றைப் பாருங்கள்

நள்ளிரவில் அலாரம் அலறுகிறது. வீட்டில் எல்லோரும் எழுந்து விளக்கைப் போட்டுப் பார்த்தால் யாரும் இல்லை. பத்து நாள் அமைதி. அடுத்த மழை இரவில் மீண்டும் அதே சத்தம். பழுது பார்ப்பவர் வந்து நிற்கும்போது எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறது.

கடைசியில் பலரும் அலாரத்தைப் போடாமலேயே படுத்துவிடுகிறார்கள். அக்கம்பக்கத்தாரும் 'அந்த வீட்டு மணி அப்படித்தான்' என்று எட்டிப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் எழுதி வையுங்கள்

விட்டு விட்டு வரும் கோளாறைப் பிடிக்க முதலில் தேவைப்படுவது ஒரு நோட்டுப் புத்தகம். தேதி, நேரம், மழையா வெயிலா, மின்சாரம் போய் வந்ததா, கீபேடில் எந்த ஸோன் எண் காட்டியது என்று ஒவ்வொரு முறையும் குறியுங்கள். ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் அந்த வழியிலுள்ள சென்சர் அல்லது ஒயரைச் சந்தேகிக்கலாம். எண்கள் மாறி மாறி வந்தால் பேட்டரியையும் மின் இணைப்பையும் முதலில் பாருங்கள்.

பேட்டரி

பெரும்பாலான பெட்டிகளுக்குள் 12 வோல்ட் பேட்டரி ஒன்று இருக்கும். நம் நாட்டு வெப்பத்தில் அது மூன்று, நான்கு ஆண்டுகளில் தளர்ந்துவிடலாம். சாதாரண நேரத்தில் பெட்டி இழுக்கும் மின்சாரம் குறைவு என்பதால் பழுது வெளியே தெரியாது. சைரன் ஒலிக்கும்போது அதைவிடப் பல மடங்கு தேவைப்படும். அப்போது வோல்டேஜ் சரிந்து, பெட்டி அணைந்து மீண்டும் தொடங்கும். அதாவது, திருடன் வரும் நேரத்தில்தான் சைரன் நின்றுபோகும்.

இடி மின்னலில் மெயின் சுவிட்ச் விழுந்து, வீட்டில் யாரும் இல்லாத நாட்களிலும் அந்த பேட்டரியை நம்பித்தான் அலாரம் இருக்கிறது. பெட்டிக்குப் போகும் மின்சாரத்தை அடைத்து, ஒரு மணி நேரம் பேட்டரியிலேயே ஓடவிடுங்கள். பிறகு ஒரு நிமிடம் சைரனை ஒலிக்கவிடுங்கள். கீபேட் விளக்கு மங்கினாலோ பெட்டி மீண்டும் தொடங்கினாலோ பேட்டரியை மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. சோதிப்பதற்கு முன் அண்டை வீட்டாரிடமும், கண்காணிப்பு நிறுவனம் இருந்தால் அவர்களிடமும் சொல்லிவிடுங்கள்.

கதவும் சென்சரும்

கதவில் ஒரு காந்தம், நிலையில் ஒரு சுவிட்ச் இருக்கும். மழைக்காலத்தில் மரக்கதவு உப்பும். கீல் தளர்ந்தால் கதவு தொங்கும். இரண்டுக்கும் இடையில் இடைவெளி கூடினால், காற்றில் கதவு ஆடும்போதே அலாரம் அடிக்கும். இரும்பு கிரில்லில் சாதாரண காந்தத்தைப் பொருத்தினால் அதன் பலம் குறையும். அதற்கென்றே உள்ள வகையைக் கேட்டு வாங்குங்கள்.

நடமாட்டத்தை அறியும் சென்சர் வெப்பத்தின் அசைவைப் பார்க்கிறது. அதன் கண்ணாடி மேல் பல்லி ஊர்ந்தாலும், உள்ளே எறும்பு கூடு கட்டினாலும், நேர் வெயில் பட்டாலும் ஏமாந்துவிடும். துடைத்துச் சுத்தம் செய்து, ஒயர் நுழையும் துளையை சிலிக்கோன் வைத்து அடையுங்கள்.

ஒயர்

ஒயரின் வழியாகப் பெட்டி சிறு மின்னோட்டத்தை அனுப்பி, முனையிலுள்ள ரெசிஸ்டரின் அளவைக் கவனித்துக்கொண்டே இருக்கும். கூரைக்கு மேல் முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் ஈரத்தில் துருப்பிடித்தால் அந்த அளவு கூடும். பகலில் சரியாக இருந்து, இரவுக் குளிரில் எல்லை தாண்டும். எலி கடித்த ஒயரும் இப்படித்தான் விளையாட்டுக் காட்டும்.

கோளாறு பெட்டியிலா வெளியிலா என்று அறிய ஒரு வழி உண்டு. மின்சாரத்தை அடைத்து, பேட்டரியையும் கழற்றிய பிறகு, பழைய இணைப்பைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சந்தேக ஸோனின் இரு ஒயர்களையும் அதே வகையைச் சேர்ந்த இன்னொரு ஸோனின் ஒயர்களோடு இடம் மாற்றுங்கள். ரெசிஸ்டர் பெட்டிக்குள் இருந்தால் அதையும் சேர்த்து மாற்ற வேண்டும். பிறகு சில நாள் கவனியுங்கள். கோளாறு ஒயரோடு சேர்ந்து புதிய எண்ணுக்குப் போனால் பழுது வெளியே. பழைய எண்ணிலேயே நின்றால் பெட்டியின் போர்டில். இந்த ஒரு சோதனை, வீணாகப் புதுப் பெட்டி வாங்கும் செலவை மிச்சப்படுத்தும்.

பெட்டிக்குள் 230 வோல்ட் வரும் பக்கத்தில் கை வைக்காதீர்கள். அதையும், மின்னல் தாக்கிய போர்டையும் தகுதி பெற்றவரிடம் விட்டுவிடுங்கள். அவர் வரும்போது உங்கள் நோட்டுப் புத்தகத்தைக் காட்டுங்கள். பாதி வேலை அப்போதே முடிந்துவிடும்.

தீபாவளிக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பும் நாளில் இதையெல்லாம் பார்க்க நேரம் இருக்காது. இரண்டு வாரம் முன்பே ஒரு மாலை ஒதுக்குங்கள். அலாரம் ஒலித்தால் அண்டை வீட்டார் எழுந்து வந்து பார்க்க வேண்டும். அதற்கு, பொய்யாக அலறுவதை முதலில் நிறுத்தியாக வேண்டும்.