கல்பாத்திப் புழையும் எங்கள் வீட்டுச் சாக்கடையும்

'காசியில் பாதி கல்பாத்தி' என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பாதிக் காசியின் கங்கைக்கு நாம் என்ன செய்கிறோம் என்று எனக்கு உறைத்தது சென்ற ஆண்டுதான்.

சமையலறைக் குழாய் அடைத்துக்கொண்டதால் கொல்லையைத் தோண்டினார்கள். சமையலறைத் தண்ணீரும் செப்டிக் டாங்கின் வழிந்தோடும் குழாயும் ஒன்றாகச் சேர்ந்து நேரே தெருச் சாக்கடைக்குப் போவது தெரிந்தது. சாக்கடை போகுமிடம் புழை. எந்தப் படித்துறையில் என் தாயார் தினமும் விடியற்காலையில் முழுக்குப் போட்டாரோ, அதே புழை!

நான் டிப்ளமா படித்து ரயில்வேயில் பாதை, பாலம் பார்க்கும் பிரிவில் வேலை செய்தவன். அந்நாளில் ஓடும் வண்டியிலிருந்து கழிவு தண்டவாளத்திலும் பாலத்திலும் விழும், இரும்பு அரிக்கும், பாதையில் வேலை செய்யும் ஆட்கள் படும் பாடு சொல்லி முடியாது. 2011-லிருந்து பெட்டிகளில் உயிரிக் கழிப்பறைகள் வரத் தொடங்கின. தொட்டிக்குள் நுண்ணுயிர்களே கழிவைச் சிதைத்துவிடும். ரயில் திருந்திவிட்டது, என் வீடு திருந்தவில்லை.

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் நடப்பது மந்திரமல்ல. கம்பிச் சல்லடையில் துணி, பிளாஸ்டிக்கைத் தடுத்து, மணலைப் படியவிட்டு, பிறகு பெரிய தொட்டியில் கசடை அடியில் தங்கவிடுகிறார்கள். அடுத்த தொட்டியில் காற்றைச் செலுத்தினால் நுண்ணுயிர்கள் பெருகி, கரைந்திருக்கும் அழுக்கைத் தின்கின்றன. மீண்டும் தெளியவைத்து, கிருமி நீக்கி வெளியே விடுகிறார்கள். ஆறும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் அளவு மிஞ்சினால் நீரிலுள்ள பிராணவாயு தீர்ந்து மீன் சாகும்.

ஒரு சின்னக் கணக்கு. அழுக்கைச் சிதைக்கத் தேவைப்படும் பிராணவாயுவின் அளவை பி.ஓ.டி. என்பார்கள். குளிக்கும் ஆற்றில் அது லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. வீட்டுக் கழிவுநீரில் சுமார் 250 இருக்கும். ஆக, ஒரு லிட்டர் சாக்கடையைச் சமாளிக்க எண்பது லிட்டருக்கு மேல் நல்ல தண்ணீர் வேண்டும். ஓர் ஆள் நாளைக்கு நூறு லிட்டர் கழிவுநீர் விட்டால், எட்டாயிரம் லிட்டர்! 1955-ல் சென்னை ராஜ்யம் கட்டிய மலம்புழை அணை நம் வயலுக்கும் குடிநீருக்கும் உயிர். ஆனால் கோடையில் புழையில் அத்தனை தண்ணீருக்கு எங்கே போவது?

கல்பாத்திப் புழை பறளியில் கண்ணாடிப் புழையுடன் கூடி, பாரதப்புழையாகப் பொன்னானியில் கடல் சேர்கிறது. நாம் விடுவதைக் கீழே உள்ள ஊர்கள் குடிக்கின்றன. 1974-லேயே நீர் மாசுத் தடுப்புச் சட்டம் வந்தும், 2018-ல் மத்திய வாரியம் வெளியிட்ட மாசுபட்ட ஆறுகளின் பட்டியலில் பாரதப்புழையும் இடம்பெற்றது. மூணாற்றில் மூன்று ஆறுகள் கூடும் இடத்தில் கடைவீதியைப் பார்த்த இடுக்கி அன்பர்களுக்கும் இந்தக் கவலை புதிதல்ல.

நான் செய்தது இவ்வளவே: செப்டிக் டாங்கைச் சுத்தம் செய்தேன், கிணற்றிலிருந்து தள்ளி உறிஞ்சுகுழி வெட்டினேன், சமையலறைத் தண்ணீரை வாழைக்குத் திருப்பினேன். கொல்லை இருந்ததால் முடிந்தது. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் பலருக்கு இடமில்லை. அங்கே பொதுக் குழாயும் சுத்திகரிப்பு நிலையமும்தான் வழி. அதை நகராட்சியிடம் எல்லோரும் சேர்ந்து கேட்டால்தான் கிடைக்கும்.

வெளியூரில் இருக்கும் அன்பர்களே! ஐப்பசியில் தேர் பார்க்க வரும்போது, பூட்டிய வீடோ, வாடகைக்கு விட்ட வீடோ, உங்கள் வீட்டுக் குழாய் எங்கே போய் முடிகிறது என்று ஒருமுறை பாருங்கள். டாங்கைச் சுத்தம் செய்ய வரும் லாரிக்காரரிடம் கசடை எங்கே கொட்டுவார் என்று கேளுங்கள். அறுபது வயது தாண்டும்வரை நான் கேட்காத கேள்வி இது. நீங்கள் அவ்வளவு காலம் தாழ்த்த வேண்டாம்.