குதித்து இறங்கும்போது முட்டியைக் கவனியுங்கள்

"முட்டியில் ஜவ்வு கிழிந்துவிட்டது" என்று டாக்டர் சொன்ன பிறகுதான் பல வீடுகளில் பிள்ளையின் விளையாட்டைப் பற்றிப் பேச்சே வருகிறது. மருத்துவ உதவி கேட்டு நம் டிரஸ்டுக்கு வருவோரில் கபடியிலும் வாலிபாலிலும் முட்டி போன பிள்ளைகளும் உண்டு. யாரோ மோதியிருப்பார்கள் என்றே பெற்றோர் நினைக்கிறார்கள். ஆனால் ஏ.சி.எல். எனப்படும் முட்டியின் உள் ஜவ்வு பெரும்பாலும் யாரும் மோதாமலே கிழிகிறது. எகிறிக் குதித்து இறங்கும்போது, அல்லது ஓட்டத்தில் சட்டென்று நின்று திரும்பும்போது.

இறங்கும் நொடியில் உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை காலில் விழுகிறது. இடுப்பும் முட்டியும் நன்றாக மடங்கினால் தொடைத் தசைகள் அதைத் தாங்கிக்கொள்ளும். கால் விறைப்பாக நின்று, முட்டி உள்பக்கம் சாய்ந்தால் சுமை ஜவ்வுக்குப் போகிறது. பெண் பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து அதிகம். அமெரிக்காவில் 205 மாணவிகளின் இறங்கும் முறையை முன்கூட்டியே அளந்துவைத்துக் கவனித்தார்கள். பிறகு 9 பேருக்கு ஜவ்வு கிழிந்தது. அந்த 9 பேரின் முட்டிகளும் அளந்தபோதே மற்றவர்களைவிட அதிகமாக உள்ளே சாய்ந்திருந்தன. 2005-இல் வெளிவந்த ஆய்வு இது.

இதை வீட்டிலேயே ஓரளவு பார்த்துவிடலாம். ஏறத்தாழ ஓரடி (30 செ.மீ.) உயரமுள்ள, ஆடாத பலகை போதும். அதிலிருந்து தன் உயரத்தில் பாதி தூரம் முன்னால் பிள்ளை குதித்து, இரண்டு காலும் ஒன்றாக ஊன்றி, உடனே முடிந்த அளவு மேலே எம்ப வேண்டும். மூன்று தடவை. முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் போனில் படமெடுத்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நிபுணர்கள் 17 குறிப்புகள் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். நமக்கு மூன்று போதும்: முட்டி கால் பெருவிரலைத் தாண்டி உள்ளே போகிறதா, முட்டி மடங்காமல் 'தொப்'பென்று விழுகிறதா, ஒரு கால் முந்துகிறதா.

பெண் பிள்ளையென்றால் அம்மாவோ அக்காவோ படமெடுக்கட்டும். தொளதொள உடையில் முட்டி தெரியாது. பேன்ட்டின் மேலேயே முட்டிக்குச் சற்று மேலும் கீழும் நாடா கட்டினால் போதும். பார்த்ததும் படத்தை அழித்துவிடலாம்.

குறை தெரிந்தால் விளையாட்டை நிறுத்தச் சொல்லாதீர்கள். இந்தச் சோதனை ஜாதகம் அல்ல, பழக்கத்தால் மாறக்கூடியது. சத்தமில்லாமல், முட்டி பாத விரல்களுக்கு நேராக இருக்கும்படி இறங்கப் பழக்க வேண்டும். ஃபிஃபாவின் '11+' பயிற்சி 20 நிமிடம்தான், காசு செலவில்லை. வாரம் இரண்டு தடவையாவது ஆட்டத்துக்கு முன் செய்ய வேண்டும். பி.இ.டி. சாரிடம் இதைக் கேட்க நாம் ஏன் தயங்குகிறோம்?

முட்டி ஒருமுறை போனால் திரும்பிவர எத்தனை காலம்! கேரளத்து நீளம் தாண்டும் வீரர் முரளி ஸ்ரீசங்கருக்கு 2024 ஏப்ரலில் பயிற்சியின்போது முட்டிச்சில்லின் நாண் போயிற்று. பாரிஸ் ஒலிம்பிக் கைநழுவியது. 2025 ஜூலையில்தான் மறுபடி போட்டிக்கு வந்தார். ஏ.சி.எல். அறுவை சிகிச்சைக்குப் பிறகும் குறைந்தது 9 மாதம் மைதானம் கிடையாது.

விழுந்த உடனே 'டப்' என்று சத்தம் கேட்டு, சில மணி நேரத்தில் முட்டி வீங்கினால் எண்ணெய் தேய்த்து உருவிவிடாதீர்கள். ஐஸ் ஒற்றடம் கொடுத்து, காலை ஊன்றவிடாமல், திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள்.