கழுநீரோடு போகும் பி வைட்டமின்!

இன்றைக்கு உங்கள் வீட்டில் சாதம் எப்படித் தயாரானது? அரிசியை எத்தனை தடவை கழுவினீர்கள்? தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிகிற வரைக்குமா? வெந்த பிறகு கஞ்சியை வடித்தீர்களா? வடித்த கஞ்சி எங்கே போனது?

'வைட்டமினைப் பற்றி எழுதச் சொன்னால் இந்த டாக்டர் அடுப்படிக்குள் நுழைகிறாரே' என்று நினைக்காதீர்கள். பி வைட்டமின் கதை பெரும்பாலும் அடுப்படிக் கதைதான். மருந்துக் கடையில் 'பி காம்ப்ளெக்ஸ் ஒரு அட்டை கொடுங்க' என்று கேட்டு வாங்குகிறோமே, அந்தச் சத்துகளில் பெரும்பாலானவை நம் அரிசியிலும் பருப்பிலும் கீரையிலும் ஏற்கெனவே இருக்கின்றன. கையில் இருப்பதைத் தண்ணீரோடு கொட்டிவிட்டு, அதையே காசு கொடுத்து வாங்கி விழுங்குகிறோம். இதில் ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அது பி12. அதைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்லவேண்டும். அதற்கு முன் குடும்பத்தை அறிமுகம் செய்துவிடுகிறேன்.

எட்டுப் பேர் கொண்ட குடும்பம்

பி வைட்டமின் என்பது ஒரே பொருள் அல்ல. பி1 (தயாமின்), பி2 (ரிபோஃப்ளேவின்), பி3 (நியாசின்), பி5 (பான்டோதெனிக் அமிலம்), பி6 (பைரிடாக்சின்), பி7 (பயோட்டின்), பி9 (ஃபோலிக் அமிலம்), பி12 (கோபாலமின்) என்று எட்டுப் பேர். நடுவில் சில எண்கள் இல்லையே என்கிறீர்களா? முதலில் வைட்டமின் என்று நினைத்துச் சேர்த்த சிலவற்றைப் பிறகு 'இவை வைட்டமின் இல்லை' என்று நீக்கிவிட்டார்கள்.

சாப்பிட்ட சாதம் உடம்புக்குச் சக்தியாக மாறவேண்டும். சாதம் விறகு என்றால், பி வைட்டமின்கள் அதைப் பற்றவைக்கிற தீக்குச்சி. விறகு மலைபோலக் கிடந்தாலும் தீக்குச்சி இல்லாவிட்டால் அடுப்பு எரியாது. 'வயிறு நிறையச் சாப்பிடுகிறேன் டாக்டர், ஆனா உடம்புல தெம்பே இல்லை' என்று சிலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். நரம்பு, ரத்தம், தோல், நாக்கு எல்லாவற்றுக்கும் இவை வேண்டும்.

இந்தக் குடும்பத்துக்கு ஒரு பொதுக் குணம் உண்டு. எல்லாமே தண்ணீரில் கரையும். அதனால் பி12 தவிர மற்றவற்றை உடம்பு அதிக நாள் சேர்த்து வைத்துக்கொள்ளாது. பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டால் சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போகிறதே, பயப்படவேண்டாம். வேண்டியது போக மிச்சமான பி2 வெளியேறுகிறது, அவ்வளவுதான். ஆகவே இவை உணவில் தினமும் இருக்கவேண்டும். தண்ணீரில் கரையும் என்பதால்தான் கழுவுகிற, வடிக்கிற தண்ணீரிலும் போய்விடுகின்றன.

கோழி கற்பித்த பாடம்

1890-களில் ஜாவா தீவில் எய்க்மன் என்ற டச்சு டாக்டர் பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். கால் வலுவிழக்கும், மரத்துப் போகும், சிலருக்கு உடம்பு வீங்கும், கடைசியில் இதயமே தளர்ந்துவிடும். அவ்வளவு பொல்லாத நோய். ஆராய்ச்சிக்காக வளர்த்த கோழிகளும் திடீரென்று நடக்கமுடியாமல் தள்ளாடின. சில மாதங்களில் தானாகவே குணமாகிவிட்டன. என்ன மாயம் என்று விசாரித்தால், நடுவில் கோழிகளுக்கு ராணுவ ஆஸ்பத்திரிச் சமையலறையின் தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு போடப்பட்டிருந்தது. புதிதாக வந்த சமையல்காரர் 'ராணுவச் சோறு கோழிக்குக் கிடையாது' என்று நிறுத்திவிட்டார். பழையபடி தீட்டாத அரிசி போட்டதும் கோழிகள் எழுந்து நடந்தன! தவிட்டில் இருந்த அந்தச் சத்துதான் பி1. இந்த வேலைக்காக எய்க்மனுக்கு 1929-ல் நோபல் பரிசு கிடைத்தது.

நம் ஊரிலும் இதே ஆராய்ச்சி நடந்தது. குன்னூரில் 1918-ல் மெக்காரிசன் என்ற பிரிட்டிஷ் டாக்டர் பெரிபெரி ஆய்வைத் தொடங்கினார். அது வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்கு மாறி, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. அன்றைய சென்னை மாகாணத்தில், பச்சரிசி சாப்பிட்ட வடக்குக் கடலோர ஆந்திரப் பகுதியில் பெரிபெரி அதிகம். புழுங்கலரிசி சாப்பிட்ட தமிழ் மாவட்டங்களில் அது அபூர்வம்.

காரணம் என்ன? நெல்லை ஊறவைத்து, உமியோடு ஆவியில் அவிக்கும்போது, தவிட்டில் இருக்கிற பி வைட்டமின்களில் ஒரு பகுதி அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. அப்புறம் மில்லில் தவிட்டைச் சீவினாலும் அந்தப் பகுதி தப்பித்துவிடும். வைட்டமின் என்ற சொல்லே 1912-ல்தான் பிறந்தது. அதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே நம் வீட்டுப் பெண்கள் நெல் அவித்தார்கள்!

மூன்று இடத்தில் நஷ்டம்

முதல் நஷ்டம் மில்லில். மல்லிகைப்பூ மாதிரி வெள்ளையாக வேண்டும் என்று நாம் கேட்கக் கேட்க, தவிடும் முளையும் முழுசாகப் போய்விடுகின்றன.

இரண்டாவது நஷ்டம் கழுவும்போது. மண், தூசி போக ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை அலசினால் போதும். தேய்த்துத் தேய்த்து நாலைந்து தடவை கழுவவேண்டாம். அந்தக் காலத்தில் முதல் கழுநீர் மாட்டுக்குப் போகும். அடுத்த கழுநீரில் புளி கரைத்துக் குழம்பு வைப்பார்கள். சித்த மருத்துவத்தில் சில மருந்துகளுக்கு அரிசிக் கழுநீரே அனுபானம். இப்போது மாடும் இல்லை, குழம்பிலும் சேர்ப்பதில்லை. நேராகச் சாக்கடைக்குப் போகிறது.

மூன்றாவது நஷ்டம் கஞ்சி வடிப்பதில். 'கஞ்சியை வடிச்சாச் சர்க்கரை ஏறாதாமே?' என்று கேட்பவர்கள் உண்டு. வடித்த சாதமும் மாவுச்சத்துதான். சர்க்கரைக்காரர்கள் குறைக்கவேண்டியது சாதத்தின் அளவை. வடித்தேதான் ஆகவேண்டும் என்றால் கஞ்சியைக் கொட்டாமல் சிட்டிகை உப்புப் போட்டு யாராவது குடியுங்கள், அல்லது ரசத்தில் சேருங்கள். இல்லாவிட்டால் அளவாகத் தண்ணீர் வைத்து, வடிக்காமல் வேகவிடுங்கள்.

இன்னொன்று, கொண்டைக்கடலையும் பருப்பும் சீக்கிரம் வேகவேண்டும் என்று சமையல் சோடா போடுவது. சோடா பி1-ஐ அழித்துவிடும். முதல்நாள் ராத்திரியே ஊறவைத்தால் சோடாவுக்கு வேலையே இல்லை.

கீரை தரும் பி9

ஃபோலிக் அமிலம் கீரைச் சத்து. முருங்கை, அரைக்கீரை, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, நிலக்கடலை எல்லாவற்றிலும் உண்டு. இதை 1945-ல் அமெரிக்காவில் செயற்கையாகத் தயாரித்துக் காட்டிய குழுவுக்குத் தலைவர் யார் தெரியுமா? நம்ம சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்ரகடா சுப்பாராவ். அமெரிக்கா போவதற்கு முன் சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு பாடம் நடத்தியவர். குடல் சத்தை உறிஞ்சாமல் போகிற ஸ்ப்ரூ என்ற நோய்க்குத் தன் சகோதரர்கள் இருவரைப் பறிகொடுத்தவர். அந்த நோய்க்கு உதவும் மருந்தாகவே ஃபோலிக் அமிலம் வந்தது.

கர்ப்பம் தரித்து முதல் 4 வாரத்துக்குள் குழந்தையின் முதுகுத்தண்டுக் குழாய் மூடவேண்டும். பல பெண்களுக்குத் தான் கர்ப்பம் என்பதே அதற்குள் தெரியாது. அதனால் குழந்தைக்குத் திட்டமிடும்போதே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொள்ளவேண்டும். கீரையும் சாப்பிடுங்கள், மாத்திரையும் போடுங்கள். 'கீரை சாப்பிடறேனே, மாத்திரை எதுக்கு?' என்று இந்த விஷயத்தில் இருக்கவேண்டாம்.

பி12: நம் அடுப்படியின் ஓட்டை

இப்போது விதிவிலக்குக்கு வருவோம். பி12 எந்தச் செடியும் கொடியும் தயாரிப்பதில்லை. நுண்ணுயிர்கள்தான் தயாரிக்கின்றன. விலங்குகள் வழியாகத்தான் நமக்கு வருகிறது. ஈரல், மீன், முட்டை, இறைச்சி, பால், தயிர் இவ்வளவுதான். 'பழைய சோற்றில் பி12 கொட்டிக்கிடக்கிறது', 'முருங்கைக்கீரையில் இருக்கிறது' என்று செல்போனில் சுற்றுகிற செய்திகளை நம்பாதீர்கள். பழைய சோறு வயிற்றுக்குக் குளிர்ச்சி, குடலுக்கு நல்லது. ஆனால் பி12-க்கு அதை நம்பி இருக்கமுடியாது. ஸ்பைருலினா மாத்திரையில் இருப்பதும் பெரும்பாலும் உடம்புக்குப் பயன்படாத போலி வடிவம். மூலிகையே தொழிலாகக் கொண்ட நான் சொல்கிறேன்: பி12-க்கு மூலிகை இல்லை.

பெரியவர் ஒருவருக்குத் தினம் 2 முதல் 2.5 மைக்ரோகிராம் பி12 தேவை. 200 மி.லி. பசும்பாலில் கிட்டத்தட்ட 1 மைக்ரோகிராம்கூட வராது. காபியில் விடுகிற பாலும், தண்ணீராக ஓடுகிற மோரும் எப்படிப் போதும்?

சாப்பிட்டால் மட்டும் போதாது, உடம்பு அதை உறிஞ்சவும் வேண்டும். அதற்கு இரைப்பையின் அமிலமும், இரைப்பை சுரக்கிற ஒரு புரதமும் தேவை. வயதானால் இது குறையும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கும், 'கேஸ் மாத்திரை' என்று தினம் காலையில் ஒன்று போடுகிறவர்களுக்கும் பி12 குறையலாம். அசைவம் சாப்பிடுகிறவர்களும் இதில் தப்பமுடியாது.

ஈரலில் பல வருடத்துக்கான இருப்பு இருக்கும். அதனால் குறைவு மெதுவாக, சத்தம் போடாமல் வரும். பாதத்தில் குறுகுறுப்பு, மதமதப்பு. செருப்பு நழுவுவது தெரியாது. இருட்டில் நடந்தால் தள்ளாட்டம். நாக்கு வழவழவென்று சிவந்து எரியும். மறதி, மனச்சோர்வு. வீட்டில் என்ன சொல்வார்கள்? 'வயசாயிடுச்சுல்ல', 'சர்க்கரை இருக்கே, அப்படித்தான்', 'வாயு, தைலம் தேய்ச்சாச் சரியாயிடும்.'

இங்கேதான் எச்சரிக்கை. மதமதப்பு என்றாலே வாதம் என்று தைலத்தோடு என்னிடம் வருகிறவர்கள் அதிகம். 60 தாண்டிய சைவக்காரர், பத்து வருடமாக மெட்ஃபார்மின், ஆறு மாதமாகக் கால் மரப்பு என்று ஒருவர் வந்தால், தைலம் எழுதுவதற்கு முன் ரத்தத்தில் பி12 பார்க்கச் சொல்லி அனுப்புகிறேன். ஏனென்றால் சீக்கிரம் கண்டுபிடித்தால் ஊசியிலோ மாத்திரையிலோ சரிசெய்யலாம். வருடக்கணக்கில் விட்டால் கெட்டுப்போன நரம்பு முழுசாகத் திரும்பாது. தைலம் காத்திருக்கும், நரம்பு காத்திருக்காது.

'நானே ஒரு சத்து மாத்திரை வாங்கிப் போட்டுக்கிறேன்' என்பதும் ஆபத்து. ஃபோலிக் அமிலத்தை மட்டும் அதிகமாகச் சாப்பிட்டால் ரத்தசோகை சரியானது போலத் தெரியும். உள்ளே பி12 குறைவால் நரம்பு கெட்டுக்கொண்டே போகும். பி6-ஐ அதிக அளவில் நெடுநாள் சாப்பிட்டால் அதுவே மதமதப்பை உண்டாக்கும்!

என்ன செய்யலாம்?

* புழுங்கலரிசி, முடிந்தால் கைக்குத்தல் அரிசி. வாரத்தில் சில நாள் கம்பு, கேழ்வரகு, தினை.

* தினம் ஒரு பருப்பு அல்லது பயறு. முளைகட்டினால் இன்னும் நல்லது. மாலையில் ஒரு கைப்பிடி வறுத்த அல்லது வேகவைத்த நிலக்கடலை.

* கீரையை முதலில் கழுவி, பிறகு நறுக்குங்கள். வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள்.

* வாய் ஓரம் அடிக்கடி வெடிக்கிறதா? பி2 குறைவாக இருக்கலாம். பால், தயிர், முட்டை, கீரை சேருங்கள். பாலை வெயில் படும்படி வைக்காதீர்கள். வெளிச்சம் பி2-ஐ அழிக்கும்.

* சைவக்காரர்கள் தினம் இரண்டு டம்ளர் பால், ஒரு கிண்ணம் கெட்டித் தயிர். பாலும் வேண்டாம் என்பவர்களுக்குப் பி12 மாத்திரை கட்டாயம்.

* வீட்டில் தினமும் மது குடிப்பவர் இருந்தால் பி1 பற்றி டாக்டரிடம் பேசுங்கள். குடி அந்தச் சத்தை உறிஞ்சவிடாது, மூளையையே பாதிக்கும்.

* 60 வயது தாண்டியவர்கள், நெடுநாள் மெட்ஃபார்மின் அல்லது கேஸ் மாத்திரை சாப்பிடுபவர்கள், இரைப்பை, குடல் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் டாக்டரிடம் கேட்டுப் பி12 பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவேண்டாம்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இன்றைக்கே ஒரு வார்த்தை கேளுங்கள்: 'கால் மதமதன்னு இருக்கா?' வாய்விட்டுச் சொல்லாமல் எத்தனையோ பேர் பொறுத்துக்கொண்டிருக்கிறார்கள். 'ஆமாம்பா, ரொம்ப நாளாவே' என்று பதில் வந்தால், தைலக் குப்பியைத் தேடாதீர்கள். ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.